கொலைகாரி தப்பவிட்டவர்கள்

பழிவாங்கும் கதை எங்களுக்குப் புதிதில்லை. மட்டக்களப்புப் பக்கத்தில் பிறந்தவர்கள் கண்ணகை அம்மன் சடங்கை மறந்திருக்க மாட்டார்கள். மதுரையை எரித்துவிட்டு வந்த அம்மனை நாங்கள் அந்த வெக்கையோடு விட்டுவிடுவதில்லை. வைகாசியில் குளிர்த்தி பாடிக் குளிர வைக்கிறோம். எரித்தது பாதிக் கதை. குளிர வைப்பது மற்றப் பாதி.

எங்கள் பிள்ளைகள் இங்கு வாசிக்கும் ஆங்கிலப் புத்தகங்களில் இந்த மற்றப் பாதி இருக்கிறதா? அதைப் பார்க்கத்தான் ஒரு நாவலை எடுத்தேன். நான் எழுத்தாளர் இல்லை. சாதாரண தரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ரொறன்ரோவில் ஒரு பாண் தொழிற்சாலையில் இரவு வேலை. புத்தகத்தைத் தந்தவள் என் அண்ணன் மகள், வயது பதினெட்டு. அரை மணித்தியால இடைவேளையில் நாலைந்து பக்கமாக வாசித்தேன். விளங்காத சொல்லுக்குக் கீழே கோடு போட்டு வைத்தால் சனிக்கிழமை அவள் சொல்லித் தருவாள். இரண்டு பாகங்களை இப்படி முடித்தேன். மிச்சத்தை அவள் வாயால் கதையாகக் கேட்டேன்.

புத்தகத்தின் பெயர் ‘த்ரோன் ஒவ் கிளாஸ்’. கண்ணாடிச் சிம்மாசனம் என்று சொல்லலாம். எழுதியவர் சாரா ஜே. மாஸ் என்ற அமெரிக்கப் பெண். பதினாறு வயதில் எழுதத் தொடங்கியவர். சின்டரெல்லா அரண்மனை விருந்துக்குப் போனது ஆடுவதற்காக இல்லாமல் இளவரசனைக் கொல்வதற்காக என்றால் எப்படி இருக்கும் என்ற யோசனையில் பிறந்த கதை. முதற்பாகம் 2012 இல் வந்தது, கடைசிப் பாகம் 2018 இல். முன்கதைத் தொகுப்பையும் சேர்த்தால் எட்டுப் புத்தகங்கள்.

கதாநாயகி செலேனா. பதினெட்டு வயதுக்குள் கூலிக்கொலையில் நாடறிந்த பெயர் எடுத்தவள். காட்டிக்கொடுக்கப்பட்டு, உப்புச் சுரங்கத்தில் ஒரு வருடம் அடிமையாகக் கிடக்கிறாள். அங்கு இளவரசன் வந்து பேரம் பேசுகிறான். அரசனுக்கு ஒரு கொலையாளி தேவை, அதற்குப் போட்டி நடக்கிறது. வென்றால் நான்கு வருடம் அரசனுக்கு வேலை, பிறகு விடுதலை. அரண்மனையில் அவளை வேறு பெயரில், நகை திருடுபவள் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். வேறு பெயரில் விமானம் ஏறிய எங்களில் பலருக்கு அந்த அத்தியாயங்களை யாரும் விளக்கத் தேவையில்லை.

அந்த அரசன் பிடித்த இன்னொரு நாட்டின் இளவரசி நெஹேமியாவும் அரண்மனையில் இருக்கிறாள். அரண்மனை மொழி சரியாகத் தெரியாதவள் போல நடிக்கிறாள். செலேனா அவளுடைய மொழியில் பேசப்போய் இருவரும் சிநேகிதிகள் ஆகிறார்கள். புதிதாக வந்த காலத்தில் பஸ் தரிப்பில் யாரோ தமிழில் கதைப்பது கேட்டு நின்றவர்களுக்கு அந்த இடம் பிடிக்கும்.

சரி, இவளைக் கொலைகாரி ஆக்கியது யார்? எட்டு வயதில் தாய் தகப்பனைக் கொன்றுவிடுகிறார்கள். நாடும் போய்விடுகிறது. ஆற்றங்கரையில் குற்றுயிராகக் கிடந்தவளை ஒருவன் தூக்கி எடுக்கிறான். அவன் பெயர் ஆரொபின், கொலைகாரர்களுக்குத் தலைவன். சாப்பாடு போடுகிறான், உடுப்பு வாங்கிக் கொடுக்கிறான், கத்தி பிடிக்கவும் பழக்குகிறான். இடக்கையால் சண்டை பிடிக்க அவள் பழகாதபோது, உன் வலக்கையை நான் முறிக்கவா, நீயே முறிக்கிறாயா என்று கேட்கிறான். பிள்ளை தன் கையைத் தானே கதவிடுக்கில் வைத்துச் சாத்துகிறது. வளர்த்த செலவு எல்லாம் கடனாக எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கடனைக் கட்டித்தான் அவனிடமிருந்து வெளியேற வேண்டும்.

நாள் முழுக்கக் கையால் பிழைப்பவள் நான். அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன். எங்கள் ஊரிலும் தகப்பனை இழந்த பிள்ளைகளின் வாசலுக்கு ஆட்கள் வந்தார்கள். துக்கம் விசாரிப்பது போல வந்து, அந்தப் பிள்ளையின் ஆத்திரத்தை நிறுத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு பக்கத்தார் மட்டும் அப்படி வரவில்லை. பிள்ளை பழிவாங்க வேண்டும் என்று நினைக்கலாம். ஆனால் கத்தி வேறொருவருடையது. யாரைக் குத்துவது என்று முடிவெடுப்பதும் அவர்தான்.

இரண்டாவது பாகம் ‘கிரௌன் ஒவ் மிட்நைட்’, 2013 இல் வந்தது. போட்டியில் வென்ற செலேனாவிடம் அரசன் கொல்ல வேண்டியவர்களின் பெயர்களைக் கொடுக்கிறான். அவள் போகிறாள், கொன்றுவிட்டேன் என்று அடையாளத்தோடு வருகிறாள். பிறகுதான் எங்களுக்குத் தெரிகிறது, அவள் அவர்களைக் கொல்லவில்லை. ஏற்கெனவே இறந்துபோன வேறு யாருடையதோ உடலைக் காட்டிவிட்டு, உரியவர்களை ஊரைவிட்டு ஓடச் சொல்லியிருக்கிறாள். பிடிபட்டால் அவளோடு அவளுடைய நண்பர்களின் தலையும் போகும். அரசனின் கணக்கில் செத்தவர்கள், எங்கோ வேறு நாட்டில் வேறு பெயரில் இருக்கிறார்கள். எட்டுப் புத்தகங்களிலும் எனக்குப் பெரிதாகப் பட்டது இதுதான். கூலிக்குக் கொல்பவள் அகதிகளை உண்டாக்குகிறாள்.

அந்த இடம் முடிந்த சனிக்கிழமை அண்ணன் மகள் கேட்டாள்: “மாமி, அப்பாவைக் கொண்டுபோன ஆக்களில ஒருத்தராவது இப்பிடி விட்டிருப்பாங்களோ?”

2007 இல் என் அண்ணனை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். இன்றுவரை யாரும் பொறுப்பெடுக்கவில்லை. அப்போது இவள் அண்ணியின் வயிற்றில். தகப்பனைப் படத்தில்தான் தெரியும். காணாமற்போனவர் என்று சான்றிதழ் கொடுக்கும் சட்டம் 2016 இல் வந்தது. ஊரில் இருக்கும் என் அம்மா அதையும் எடுக்கவில்லை, இறப்புச் சான்றிதழும் எடுக்கவில்லை. மகன் எங்கே என்று கேட்டதற்குக் கடுதாசி தருகிறார்களே என்கிறா.

“தெரியாது புள்ள” என்றேன். பொய்யாக நம்பிக்கை கொடுக்க மனம் வரவில்லை.

“அவனைக் கண்டால் என்ன செய்வீங்கள்?”

“எங்க எண்டு கேட்பன். கொன்றால் பதில் சொல்ல ஆள் இருக்காதே.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அடுத்த அத்தியாயத்தைத் தானே சத்தமாக வாசித்தாள்.

அந்தப் பாகத்திலேயே நெஹேமியா கொல்லப்படுகிறாள். செலேனா பழிவாங்குகிறாள், கொடூரமாக. கொலைக்குத் துணைபோனதாக நினைத்துத் தன் காதலனையே கொல்லப் பார்க்கிறாள். அதற்குப் பிறகு மூன்றாம் பாகம் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். வேற்று நாட்டு நகரத்தில், கூரைமேல், களவெடுத்த ரொட்டியைத் தின்றுகொண்டு, குடித்துக்கொண்டு கிடக்கிறாள். பழி தீர்ந்தது, சிநேகிதி வரவில்லை. எழுந்து, மறைத்து வைத்திருந்த தன் சொந்தப் பெயரைத் தானே வாயால் சொல்லுவதற்கு அந்தப் பெரிய புத்தகம் முழுக்கத் தேவைப்படுகிறது. நான் தேடிய மற்றப் பாதி அங்கே இருக்கிறது.

குறையும் உண்டு. செலேனா யார் என்று பார்த்தால் நாட்டை இழந்த அரச குடும்பத்துப் பிள்ளை. அவளைத் தேடி இளவரசன் சுரங்கத்துக்கு வருகிறான். முதற்பாகத்தில் அவளோடு உப்பு வெட்டியவர்கள் அங்கேயே நிற்க, கதை பட்டுச் சட்டையோடு அரண்மனைக்குப் போய்விடுகிறது. தொழிற்சாலையில் நிற்பவளுக்குக் கண் சுரங்கத்துப் பக்கமே போகும். அரச இரத்தம் இல்லாதவளுக்கும் பெயர் உண்டு, அவளுடைய தாயும் அழுதாள்.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பின்னால் வரும் பாகங்களில் படுக்கையறைக் காட்சிகள் இருக்கின்றன. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு முழுத் தொடரையும் வாங்கிக் கொடுக்க வேண்டாம். மற்றப்படி, அட்டையில் கத்தியைக் கண்டு புத்தகத்தைப் பறிக்காதீர்கள். நாங்கள் வீட்டில் வாய் திறக்காத விசயங்களைப் பிள்ளைகள் இந்தக் கதைகளுக்குள் போய்த் தேடுகிறார்கள். பக்கத்தில் இருந்து, இது என்ன கதை என்று கேளுங்கள். ஆங்கிலம் போதாது என்று கூச்சப்பட வேண்டாம். அவர்கள் சொல்லித் தருவார்கள். நாங்கள் சொல்ல வேண்டியதைக் கேட்கவும் காத்திருக்கிறார்கள்.