மூன்று கடைகள், மூன்று பெயர்கள்

ஹைதராபாத்தில் ஒரு கடையின் பெயரை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். இன்னொரு கடையின் பெயர் ஒரு வட்டாரத்துக்கே பெயரானது. மூன்றாவது கடையின் பெயரைக் கைவிடச் சொல்லிக் கூட்டம் கூடியது.

நாம்பள்ளி ரயில் நிலையத்துக்கு வெளியே நிற்கும் ஆட்டோக்காரர்களிடம் மொஅஸ்ஸம் ஜாஹி மார்க்கெட் என்று முழுப் பெயரையும் சொல்லிச் சிரமப்பட வேண்டியதில்லை. ‘எம்.ஜே. மார்க்கெட்’ என்றால் போதும். கடைசி நிஜாம் மீர் உஸ்மான் அலி கானின் இரண்டாவது மகன் பெயரில் 1935இல் எழுந்த கருங்கல் கட்டடம் அது. வளைவுகள், மணிக்கூண்டு, வெயில் காலத்தில் கூட்டம் மொய்க்கும் ஐஸ்கிரீம் கடைகள். பல ஆண்டுகள் புகை படிந்து கிடந்ததைச் செப்பனிட்டு 2020இல் மீண்டும் திறந்தார்கள். இப்போது கல்லின் நிறம் தெரிகிறது.

மார்க்கெட்டுக்குப் பக்கத்தில்தான் கராச்சி பேக்கரி. பிரிவினையின்போது கராச்சியிலிருந்து வந்த சிந்திக்காரர் கான்சந்த் ராம்னானி 1953இல் தொடங்கிய கடை. விட்டு வந்த ஊரின் பெயரையே கடைக்கு வைத்தார். எல்லை தாண்டி வந்த பலர் அந்தக் காலத்தில் செய்த காரியம்தான் இது. வீட்டையும் கடையையும் தூக்கி வர முடியாது. ஊர்ப் பெயரைக் கொண்டு வரலாம்.

இந்தக் கடையின் புகழ் பழத் துண்டுகள் பதித்த ஃப்ரூட் பிஸ்கட்டில் இருக்கிறது. ஹைதராபாத் போய்விட்டு வந்தவர் அலுவலகத்தில் ஒரு டப்பாவைத் திறந்து வைப்பார். நாலு பேர் ஆளுக்கொன்று எடுப்பார்கள். அந்த நாலு பேரில் பலர் எம்.ஜே. மார்க்கெட்டைப் பார்த்ததே இல்லை. அவர்களுக்குக் கடை என்பது அந்த டப்பாதான். அதன் மேல் இருக்கும் எழுத்தும், உள்ளே இருக்கும் ருசியும்தான் அவர்கள் அறிந்த கராச்சி பேக்கரி. ஊரிலிருந்து வெகு தூரத்தில் இருக்கும் ஷம்ஷாபாத் விமான நிலையத்திலும், பெங்களூரு, சென்னை கிளைகளிலும் அதே எழுத்து, அதே டப்பா, அதே ருசி இருந்தாக வேண்டும். ஒரு இடத்தில் மாறினாலும், ‘இது அந்தக் கடை இல்லையோ’ என்ற சந்தேகம் வந்துவிடும்.

இதே ஊரின் உஸ்மானியா பிஸ்கட்டுக்கு இந்தக் கவலை இல்லை. இரானி ஓட்டல்களில் டீயோடு வரும் அது யாருக்கும் சொந்தமல்ல. ஒரு ஓட்டலில் உப்பு தூக்கலாக இருக்கும், இன்னொன்றில் வாயில் வைத்ததும் கரையும். யாரும் குறை சொல்வதில்லை. பண்டம் ஊருடையது, அது எப்படி இருந்தாலும் ஊர் ஏற்றுக்கொள்ளும். ஒரு கடை தன் பெயரை அச்சிட்டு மூடி போட்ட பிறகுதான் வாக்குறுதி என்ற ஒன்று பிறக்கிறது.

வாக்குறுதி எப்படிக் கை நழுவும் என்பதை ஆர்.டி.சி. கிராஸ் ரோட்ஸில் பார்க்கலாம். சினிமா தியேட்டர்கள் நெருக்கியடிக்கும் நாற்சந்தி. அங்கேதான் பாவர்ச்சி. மதிய நேரத்தில் பிரியாணிக்குக் காத்திருக்கும் கூட்டம் வாசல்வரை நிற்கும். தங்களுக்கு வேறெங்கும் கிளைகள் இல்லை என்று கடை பலகை எழுதி அறிவிக்க வேண்டிய நிலை. காரணம், ‘பாவர்ச்சி’ என்ற பலகை நகரம் முழுக்கத் தொங்குகிறது. முன்னால் ஒரு சொல், பின்னால் ஒரு சொல் சேர்த்துக்கொண்டு வெளி மாநிலங்களுக்கும் அமெரிக்காவுக்கும்கூடப் போய்விட்டது. அந்தச் சொல் இருக்கும் இடத்திலெல்லாம் இந்தக் கடையின் அடுப்பு இல்லை. எங்கோ ஓரிடத்தில் வேகாத அரிசியைச் சாப்பிட்டவர் ‘பாவர்ச்சி பிரியாணி இவ்வளவுதானா’ என்று உதட்டைப் பிதுக்கும்போது, ஆர்.டி.சி. கிராஸ் ரோட்ஸ் சமையல்காரர் செய்யாத தப்புக்குப் பழி சுமக்கிறார்.

ஏன் இப்படி? தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குப் பதில் தெரிந்ததுதான். நன்னூல் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பிரிக்கும். பாவர்ச்சி என்றால் உருதுவில் சமையல்காரர். ஓட்டலுக்கு அது காரணப் பெயர். சமைக்கிற எவரும் உரிமை கொண்டாடலாம். 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டமும் கிட்டத்தட்ட இதையே வேறு சொற்களில் சொல்கிறது. சரக்கின் தன்மையையோ அது விளையும் இடத்தையோ மட்டும் சொல்லும் பெயரைப் பதிவு செய்வது கடினம். நீண்ட காலப் புழக்கத்தால், அந்தப் பெயரைக் கேட்டதும் குறிப்பிட்ட ஒரு கடைதான் நினைவுக்கு வரும் என்று நிலைநாட்டினால் மட்டுமே விதிவிலக்கு. நீண்ட காலப் புழக்கம் என்பது சும்மா வருவதில்லை. ஒரே பெயரை, ஒரே மாதிரி, எல்லா இடத்திலும், வருஷக்கணக்கில் எழுதி வந்தவருக்குத்தான் அது கிடைக்கும். சின்னக் கடைக்காரர்கள் பலர் கோட்டை விடுவது இங்கேதான். பலகையில் ஒரு பெயர், பில்லில் வேறு பெயர், பையில் சுருக்கெழுத்து, இரண்டாவது கிளைக்கு மகன் பெயர். நாளைக்கு எவரோ அந்தப் பெயரை எடுத்துக்கொண்டால், ‘இது என்னுடையது’ என்று காட்ட அவர் கையில் என்ன இருக்கும்?

சிகந்தராபாத் பக்கம் போனால் வேறு கதை. 1953இல், கராச்சி பேக்கரி பிறந்த அதே ஆண்டில், பாரடைஸ் என்ற சினிமா தியேட்டரை ஒட்டி டீயும் தின்பண்டமும் விற்கும் சிறு கடை வந்தது. தியேட்டர் போய்விட்டது. கடை பிரியாணி ஓட்டலாக வளர்ந்து, நாற்சந்திக்கே பெயர் கொடுத்தது. மெட்ரோ ரயில் வந்தபோது நிலையத்துக்கும் அதே பெயர். சொர்க்கம் என்று யாரும் தெலுங்கில் பெயர்த்து எழுதவில்லை. தெலுங்கு எழுத்திலும் ‘பாரடைஸ்’தான். மொழிபெயர்ப்பாளர்கள் முதலில் கற்கும் பாடம் இது. சிறப்புப் பெயரைப் பெயர்த்தால் ஆள் காணாமல் போய்விடுவார். தெலுங்கு, உருது, ஆங்கிலம் என்று பல எழுத்துகளில் பலகை மாட்டும் ஊரில், எழுத்து மாறினாலும் ஒலி மாறாமல் இருப்பதே அடையாளம்.

இனி எம்.ஜே. மார்க்கெட்டுக்குத் திரும்பலாம். பாவர்ச்சியின் பெயரை எல்லோரும் விரும்பினார்கள், அதனால் தொல்லை. கராச்சி பேக்கரிக்கு வந்தது நேர்மாறான தொல்லை. 2019 பிப்ரவரியில் புல்வாமா தாக்குதல் நடந்த சில நாட்களில், பெங்களூரு இந்திராநகர் கிளையின் முன்னால் ஒரு கும்பல் திரண்டது. பலகையில் இருக்கும் ‘கராச்சி’யை நீக்கு என்றது. ஊழியர்கள் அந்த ஒரு சொல்லைத் துணியால் மறைத்து, தேசியக் கொடியை மாட்டினார்கள். பிறகு போலீஸ் சிலரைக் கைது செய்தது. 2025 மே மாதம், பஹல்காம் படுகொலைக்கும் ராணுவ மோதலுக்கும் பிறகு, விசாகப்பட்டினத்திலும் ஹைதராபாத்திலும் மீண்டும் அதே கோஷம். ஷம்ஷாபாத் கிளையின் பலகை சேதப்படுத்தப்பட்டது.

கவுண்டரில் நிற்கும் சம்பளக்காரப் பையனை, கோஷமிடும் கும்பலின் முன்னால் பலகைக்காக அடிபடச் சொல்ல முடியாது. உயிர் முதலில், எழுத்து அப்புறம். பெங்களூரில் துணி போட்டவர்களைக் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் ஒரு கிளையில் மறைத்தது ஒரு கிளையோடு நிற்பதில்லை. மூடிய பலகையின் படம் அன்றே நாடு முழுக்கப் போயிற்று. அதைப் பார்த்தவர்களுக்கு அது இந்திராநகர் கடையாகத் தெரியவில்லை. கராச்சி பேக்கரியாகத் தெரிந்தது. ஒரே பெயரை எல்லா இடத்திலும் காப்பதன் லாபமும் இதுதான், ஆபத்தும் இதுதான்.

குடும்பம் என்ன செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஊருக்கு ஒரு பெயர் வைத்துத் தப்பித்துக்கொள்ளவில்லை. 2025இல் சொன்ன பதில் சுருக்கமானது: இது 1953இல் ஹைதராபாத்தில் பிறந்த இந்திய நிறுவனம், பெயர் எங்கள் வரலாற்றின் பகுதி, தேசியத்தின் அடையாளம் அல்ல. அரசிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். கொடியும் பறந்தது, பெயரும் இருந்தது. பலகையைப் போலவே பதிலும் எல்லா ஊரிலும் ஒன்றாக இருந்ததால் அதற்கு ஒரு நம்பகம் கிடைத்தது.

பாகிஸ்தானின் சிந்து மாகாணத்திலும் ஒரு ஹைதராபாத் இருக்கிறது. அங்கே 1911இல் பஹ்லாஜ்ராய் கங்காராம் தடானி என்ற இந்து தொடங்கிய கடையின் பெயர் பம்பாய் பேக்கரி. காபி கேக்குக்குப் பேர் போனது. பிரிவினைக்குப் பிறகும் கடை இடம் பெயரவில்லை, பெயரும் மாறவில்லை. இந்தப் பக்கமோ பம்பாய் என்ற ஊரே 1995இல் மும்பை ஆகிவிட்டது. அந்தப் பழைய பெயர் சிந்து ஹைதராபாத்தின் கேக் டப்பாவில் அப்படியே இருக்கிறது.

தக்காண ஹைதராபாத்தில் கராச்சி. சிந்து ஹைதராபாத்தில் பம்பாய். இரண்டு கடைகளும் எதிரி நாட்டு ஊரின் பெயரைத் தாங்கி, போர்களையும் கெடுபிடிகளையும் கடந்து வந்திருக்கின்றன. டப்பாவை வாங்கிப் போகிறவர் அதில் தேடுவது எல்லைக் கோட்டை அல்ல. போன தடவை சாப்பிட்ட அதே ருசியைத்தான். அது அங்கே இருக்கும் என்று அவருக்குச் சொல்வது, மூடியின் மேல் இருக்கும் அந்தப் பெயர்.