பச்சைக் கிளையை வெட்டவில்லை

அம்மா கொடுத்த வெள்ளை விளிம்பு நந்தியாவட்டையைக் கெடுத்தது நான்தான். பூச்சி விழவில்லை, நோய் வரவில்லை, தண்ணீருக்கும் பஞ்சமில்லை.

சாதாரண நந்தியாவட்டை எந்தக் கோயில் நந்தவனத்திலும் இருக்கும். அம்மாவின் செடி வேறு. ஓர் இலையில் விளிம்பு மட்டும் பால்வெள்ளை. அடுத்ததில் அந்த வெள்ளை நடுநரம்பு வரை ஏறியிருக்கும். வெள்ளையும் பச்சையும் சேருமிடத்தில் சாம்பல் பச்சையாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். பூ இல்லாத நாளிலும் செடி பூத்த மாதிரிதான் நிற்கும்.

மாயவரத்து வீட்டை விற்றபோது அந்தச் செடியில் பென்சில் கனத்தில் ஒரு குச்சி ஒடித்து, வடிந்த பாலைத் துடைத்து, ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தாள். "விதை போட்டா இந்த வெள்ளை வராது, குச்சிதான் வைக்கணும். முழுப் பச்சையா ஒரு கிளை கிளம்பும். கண்டதும் அடியோட அறுத்துடு" என்றாள்.

கிளம்பியது, அடிக்கணுவிலிருந்து. வெள்ளைக் கிளை ஒரு சாண் வளர்வதற்குள் அது முழ நீளம் ஓடியது. இலையின் வெள்ளைப் பகுதியில் பச்சையம் கிடையாது. அதற்கும் சேர்த்துப் பச்சைப் பகுதிதான் உணவு தயாரிக்க வேண்டும். முழுப் பச்சைக் கிளைக்கு அந்தச் சுமை இல்லை. நுனிக்குருத்தில் இரண்டு வகைத் திசுவும் அடுக்காகச் சேர்ந்திருந்தால்தான் வெள்ளை தொடரும். பச்சைத் திசுவிலிருந்து மட்டும் முளைத்த கிளை கடைசிவரை பச்சைதான். விட்டுவிட்டால் வெயிலை மறைத்து மற்ற கிளைகளை அமுக்கிவிடும்.

இதெல்லாம் தெரிந்தே விட்டேன். எதிர்வீட்டு ஜன்னலுக்கு நேராக எனக்கு அவசரமாக ஒரு மறைப்பு வேண்டியிருந்தது. கத்தரியை எடுத்த நாட்களிலும் வெள்ளைக் கிளைகளின் நுனியைத்தான் நறுக்கினேன், பச்சையைத் தொடவில்லை. போதாக்குறைக்கு யூரியாவும் வைத்தேன்.

செடி ஆள் உயரத்தைத் தாண்டியது. உள்ளே நிழலில் வெள்ளைக் கிளைகள் இலை கொட்டி ஒவ்வொன்றாகக் காய்ந்தன. கடைசிக் கிளையும் பட்டுப்போன பிறகுதான் பச்சை முழுவதையும் வெட்டிப் பார்த்தேன். துளிர்த்ததெல்லாம் பச்சை.

அம்மா போனில் கேட்பாள்: "வெள்ளை நல்லாத் தெரியுதா?" "நல்லாத் தெரியுதும்மா" என்பேன். முழங்கால் வலியோடு பஸ் ஏறி வந்து பார்க்க மாட்டாள் என்ற தைரியம். செடியைக் கெடுத்ததைவிட இந்தப் பொய்தான் என்னை அரிக்கிறது. அவள் எதைப் படித்தாலும் ஒரு வரி விடாமல் படிப்பவள். நேரில் சொல்ல வாய் வராததால் இங்கே எழுதுகிறேன். அம்மா, அந்தச் செடியில் இப்போது வெள்ளை இல்லை. பொய் சொன்னேன். மன்னித்துக்கொள்.

மாயவரத்தில் அம்மாவிடம் குச்சி வாங்கிப் போனவர்கள் இதைப் படித்தால், வெள்ளை நன்றாகத் தெரியும் கிளையாகப் பார்த்து ஒன்று ஒடித்துத் தாருங்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். ஐப்பசி மழைக்கு முன் நட வேண்டும்.