கயிறு பிடிப்பவர்

கடலுக்குள் மூழ்கி எழும் தொழிலுக்கு நம் முன்னோர் இட்ட பெயர் எண்ணிப் பார்க்கத் தக்கது. மூச்சை அடக்கி, உயிரைப் பணயம் வைத்துச் செய்யும் அவ்வேலையை அவர்கள் ‘குளித்தல்’ என்றே வழங்கினர். முத்துக் குளித்தல், சங்கு குளித்தல் என்பன அவர்தம் வழக்கு. அச்சத்தை வெளிக்காட்டாத சொல் அது. அரபு மொழியோ மூழ்குவோனைக் ‘கவ்வாஸ்’ என்னும். நபி ஸுலைமான் (அலை) அவர்களுக்குப் பணிந்து வேலை செய்தோரைக் குறிக்குமிடத்துத் திருமறையின் ‘ஸாத்’ அத்தியாயத்தில் இச்சொல் வந்துள்ளது.

ஆனால், முத்தைப் பற்றிப் பேசும்போது மூழ்குபவரை மட்டுமே நாம் நினைக்கிறோம். படகில் நிற்கும் மற்றொருவரை மறந்துவிடுகிறோம். கல்லின் கனத்தால் அடியாழத்துக்கு இறங்கியவர், மூச்சு முடியும் வேளையில் கயிற்றை அசைப்பார். மேலே நிற்பவர் உடனே இழுக்க வேண்டும். அவர் கண நேரம் அயர்ந்தாலும் கீழிருப்பவரின் கதி என்னவாகும்? பாரசீக வளைகுடாவின் அரபுகள் இந்தக் கயிற்றுக்காரரை ‘ஸைப்’ என்று அழைத்தனர். நம் கரையில் அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தான் கையில்தான் கொடுப்பார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தன் சகோதரி விதவையாவதை எவன் பொறுப்பான்? ஆகவே, அவன் கை தளராது என்பது அவர்கள் கணக்கு. 1905ஆம் ஆண்டு இலங்கையின் மன்னார்க் கடலில் நடந்த பெரும் முத்துக்குளிப்பில் அரபுகளும் தமிழரும் ஒரே கடலில் இறங்கினர். அரபுகள் மூக்கைக் கவ்வியால் அடைத்துக்கொண்டனர். நம்மவர் விரலால் பிடித்துக்கொண்டனர். முறைகள் வேறாயினும் கயிறு பிடிப்பவர் இரு சாராருக்கும் இருந்தார்.

இந்தச் செய்திகளையெல்லாம் நான் மீண்டும் நினைக்க நேர்ந்தது என் தங்கை மகனின் திட்டம் ஒன்றினால்தான். இருபத்தாறு வயதான அவன் பெங்களூரில் கணிப்பொறித் தொழிலில் இருக்கிறான். சென்ற மாதம் புதுச்சேரிக்கு வந்தவன், மடித்த தாள் ஒன்றை என் முன் விரித்து வைத்தான். அவனும் நண்பர் இருவரும் ஸ்கூபா முறையில் கடலுக்குள் மூழ்கப் பயில வேண்டும். புதுச்சேரிக் கடலின் பாறைத் திட்டுகளைப் பார்க்க வேண்டும். அதன்பின் இலங்கை சென்று மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிக் கிடக்கும் ‘ஹெர்மிஸ்’ என்னும் போர்க்கப்பலைக் காண வேண்டும். இதுவே திட்டம். “மாமா, உம்மாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும்” என்றான்.

அவன் பேசி முடிக்குமுன்பே காரைக்காலிலிருந்து என் தங்கை தொலைபேசியில் அழைத்துவிட்டாள். “நானா, அவன் என்ன கேட்டாலும் கொடுங்கள். கடலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்” என்றாள்.

அவள் அச்சத்துக்குக் காரணம் உண்டு. அவள் வாழ்க்கைப்பட்ட குடும்பம் கீழக்கரையிலிருந்து வந்தது. அவளுடைய மாமனாரின் தந்தையார் சங்கு குளித்தவர். கீழக்கரை முஸ்லிம்கள் குளித்தெடுத்த சங்குகள் வங்காளம் சென்று அங்குள்ள பெண்களின் வளையல்களாயின. ஒரு நாள் படகு மட்டும் கரைக்கு வந்தது; அவர் வரவில்லை. அன்றுமுதல் அந்த வீட்டில் எவரும் முழங்காலளவு நீருக்கு மேல் கடலில் இறங்கியதில்லை. மூன்று தலைமுறையாகக் காத்துவந்த அந்தத் தடையை மீற இந்தப் பிள்ளை இப்போது அனுமதி கேட்கிறான்.

‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ நான் சொல்லவில்லை. “முதலில் எனக்குப் பாடம் நடத்து, பிறகு உன் உம்மாவிடம் பேசுகிறேன்” என்றேன். ஆசிரியனாகவே வாழ்ந்தவன் மாணவனாக அமர்ந்தேன்.

மூச்சுக்கான காற்றை முதுகில் சுமந்து செல்லும் இந்த முறைக்கு வழி திறந்தவர்கள் இரு பிரெஞ்சுக்காரர்கள். கடற்படை அதிகாரியான ழாக் கூஸ்தோவும் பொறியாளரான எமில் காஞ்ஞானும் 1943இல் அதற்குரிய கருவியைச் செப்பம் செய்தனர். சிலிண்டரில் அழுத்தி அடைத்த காற்றை, மூழ்குபவர் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்துக்கு ஏற்ப, அவர் மூச்சிழுக்கும்போது மட்டும் அது விடுவிக்கும். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டரில் நெஞ்சு நிறைய வாங்கிய காற்று, மேற்பரப்புக்கு வரும்போது இருமடங்காக விரியும். ஆகவே, மேலே வருகையில் மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழிந்துபோகும். எண்ணிப் பாருங்கள்! அந்தச் சங்குக் குளியாளிக்கு மூச்சை அடக்குவதே உயிர். அவருடைய கொள்ளுப்பேரனுக்கோ மூச்சை அடக்காதிருப்பதே உயிர். கடல் அதே கடல்தான். அதன் பாடம் தலைகீழாகிவிட்டது.

இன்னொன்றும் அறிந்தேன். ஆழத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. மெல்ல மேலேறினால் அது மூச்சின் வழியே வெளியேறும். விரைந்து ஏறினால், சோடாப் புட்டியைத் திறந்தாற்போல் உடலுக்குள்ளேயே குமிழியிடும். அதனால்தான் மேலேறும்போது 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் தங்கி வருவது வழக்கம். மூழ்கிய கையோடு விமானம் ஏறுவதும் ஆகாது. பலமுறை மூழ்கியவர் குறைந்தது 18 மணி நேரமாவது தரையில் கழிக்க வேண்டும்.

இவ்வளவும் கேட்டபின் அவன் தாளை எடுத்துத் திருத்தத் தொடங்கினோம்.

முதல் வரியாக நான் எழுதச் சொன்னது மருத்துவரை. சிறுவயதில் அவனுக்குக் காதில் சீழ் வடிந்ததுண்டு. நானே பலமுறை வைத்தியரிடம் தூக்கிச் சென்றிருக்கிறேன். செவிப்பறையின் இரு புறமும் அழுத்தம் சமப்படாவிட்டால் ஆழத்தில் அது கிழியக்கூடும். காது மருத்துவர் பார்த்துச் சான்று தந்த பிறகே மற்றவை என்றேன். அவன் அவ்வாறே செய்தான். செவிப்பறை நலமாக உள்ளது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார்.

இரண்டாவது, பருவம். அவன் குறித்திருந்தது நவம்பர் மாதம். வடகிழக்குப் பருவமழையில் இக்கரையின் கடல் கொந்தளிக்கும். ஆறுகள் கொண்டுவரும் சேற்றால் நீரும் கலங்கும். கையை நீட்டினால் விரல் தெரியாத நீரில் எதைக் காண்பது? பிப்ரவரி என்று மாற்றினோம். இலங்கையின் கிழக்குக் கரை மே முதல் செப்டம்பர் வரை அமைதியாக இருக்கும். ஆதலால், அப்பயணம் தானாகவே பின்னுக்குச் சென்றது.

மூன்றாவது, ஆழம். தொடக்கப் பயிற்சி பெற்றவருக்கு 18 மீட்டர், மேற்பயிற்சி பெற்றவருக்கு 30 மீட்டர். பொழுதுபோக்காக மூழ்குவோர் எவருக்கும் 40 மீட்டரே எல்லை. ஹெர்மிஸ் கிடப்பதோ சுமார் 53 மீட்டர் ஆழத்தில். “உன் தாளிலேயே இரண்டு எண்களும் இருக்கின்றன, ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லையே” என்றேன். அவன் சிரித்துவிட்டு அந்தப் பெயரை அடித்தான். ஹெர்மிஸ் மூழ்கிய அதே நாளில், அதே கடற்பகுதியில் மூழ்கடிக்கப்பட்ட ‘பிரிட்டிஷ் சார்ஜென்ட்’ என்னும் எண்ணெய்க் கப்பல் ஏறத்தாழ 25 மீட்டரில் கிடக்கிறது. மேற்பயிற்சி முடித்தால் அது எட்டும் தொலைவுதான்.

புதுச்சேரியில் அவன் காணப்போகும் இடங்களைப் பற்றியும் சொன்னான். கடலடியின் கற்றிட்டுகளை நம் கரையோர மக்கள் ‘பார்’ என்பர். தூத்துக்குடிக்கு அப்பாலுள்ள முத்துப் பார்களுக்குத் தனித்தனிப் பெயர்களே உண்டு. புதுச்சேரிக் கடலடியில் மணற்பரப்பு மிகுதி. மணலில் பற்றிப் பிடிக்க எதுவுமில்லை. கெட்டியான ஒரு பொருள் கிடைத்துவிட்டால் பாசியும் சிப்பியும் அதில் ஒட்டும். அவற்றைத் தேடிச் சிறுமீன் வரும். சிறுமீனைத் தேடிப் பெருமீன் வரும். இதை அறிந்தே 2013இல் இங்கு சுமார் 18 மீட்டர் ஆழத்தில் ‘டெம்பிள் ரீஃப்’ என்னும் செயற்கைப் பார் ஒன்றை அமைத்தனர். உடைந்த கப்பலும் காலப்போக்கில் இவ்வாறே ஒரு பார் ஆகிவிடுகிறது.

ஆயினும், கப்பல் வெறும் பார் அன்று. 1761 ஜனவரி 1 அன்று, ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த வேளையில், பெரும்புயல் ஒன்று வீசியது. அவர்களுடைய போர்க்கப்பல்களுள் ‘டியூக் ஆஃப் அக்விட்டேன்’, ‘சண்டர்லாந்து’ முதலியன கடலில் மூழ்கின. வேறு சில கரையில் மோதி உடைந்தன. ஏறத்தாழ 1,100 பேர் மாண்டனர். பதினைந்து நாள் கழித்து நகரம் அவர்கள் வசமாயிற்று. மாலை வேளைகளில் நாம் காற்று வாங்கும் கடற்கரைச் சாலைக்கு எதிரே விரியும் கடல், அந்த ஆயிரவருக்கும் கபுறுஸ்தான். ஹெர்மிஸ் கப்பலும் அப்படியே. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சில் அது மூழ்கியபோது 307 பேர் இறந்தனர். கபுறுகளுக்கிடையே நடக்கும்போது நாம் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். நீருக்கடியிலுள்ள கபுறுகளுக்கும் அந்த அதபு உரியதன்றோ?

இதனோடு சேர்த்து அவனுக்கு இன்னொரு கப்பலின் கதையையும் கூறினேன். 1961இல் இலங்கையின் தென்கிழக்கே கிரேட் பேசஸ் என்னும் பாறைத் தொடரருகே மைக் வில்சன் என்பாரும் அவருடன் சென்ற இரு சிறுவரும் மூழ்கியபோது, வெள்ளி நாணயக் குவியலைக் கண்டனர். பை மக்கி மறைந்துபோக, பையின் வடிவிலேயே நாணயங்கள் இறுகிக் கிடந்தன. ஆர்தர் சி. கிளார்க் இக்கண்டுபிடிப்பைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அவை ஔரங்கசீப் ஆலம்கீர் காலத்து ரூபாய்கள். சூரத்து அக்கசாலையில் அடிக்கப்பட்டவை. அவற்றில் பொறித்திருந்த ஆண்டு ஹிஜ்ரி 1113, அதாவது கி.பி. 1701–1702. கப்பலின் பெயர் அழிந்தது. மாலுமிகளின் பெயர் அழிந்தது. ஹிஜ்ரி ஆண்டு மட்டும் அழியவில்லை. அந்த வெள்ளிக்காக ஏதோ ஒரு துறைமுகத்தில் எவரோ ஒருவர் காத்திருந்திருப்பார்.

நாங்கள் ஓதிய ஃபிக்ஹு நூல்களில் ‘லுகத்தா’ என்று ஒரு பாடம் உண்டு. வழியில் கண்டெடுத்த பொருளைக் கண்டவன் உடனே தன்னுடையதாக்கிக்கொள்ள முடியாது; உரியவரைத் தேடி அறிவிக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. நாட்டின் சட்டமும் இதில் நம்மோடு நிற்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டுக்குக் குறையாத பழமையுடைய நாணயமும் சிற்பமும் தொல்பொருள்கள். பவளப் பாறைகளோ 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ளன. ஒரு துண்டை ஒடிப்பதும் குற்றம். ஆகவே, நான்காவது வரியை நானே என் கையால் எழுதினேன்: ‘கண்ணால் கொண்டு வருவதன்றிக் கையால் எதுவும் கொண்டுவரலாகாது.’ அதன் கீழ் அவன் கையொப்பமிட்டான்.

திருத்திய தாளை எடுத்துக்கொண்டு இருவரும் காரைக்கால் சென்றோம். நான் ஒவ்வொன்றாகப் படிக்க, தங்கை பேசாமல் கேட்டாள். நைட்ரஜனும் வளிமண்டல அழுத்தமும் அவளை அசைக்கவில்லை. எல்லாம் முடிந்தபின் ஒரே கேள்வி கேட்டாள்: “கயிறு யார் பிடிப்பார்கள்?”

இம்முறையில் கயிறு இல்லை, உம்மா, என்று மகன் விளக்கினான். தனியே எவரும் மூழ்குவதில்லை. இருவர் இருவராகவே இறங்குவர். இறங்குமுன் ஒருவர் கருவியை மற்றவர் சோதிப்பார். ஒருவருடைய காற்று தீர்ந்தால் மற்றவருடைய சிலிண்டரிலிருந்தே இருவரும் சுவாசித்து மேலேறலாம். அதற்கென்றே ஒவ்வொருவரிடமும் கூடுதலாக ஒரு வாய்க்குழல் உண்டு. படகில் இருப்போர் நீர்மேல் வரும் குமிழிகளைக் கவனித்துக்கொண்டிருப்பர்.

அவள் சற்றுநேரம் தாளையே பார்த்திருந்தாள். “அன்றைக்கும் கயிறு பிடிக்க ஆள் இருந்தார். அவர் யாரென்று இந்த வீட்டில் எவரும் இதுவரை சொன்னதில்லை. சொன்னால் இரண்டு குடும்பம் பகையாகிவிடும் என்று மாமியார் வாயைத் திறக்கவே இல்லை” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, “நானா, நீங்கள் படகில் இருப்பதாக இருந்தால் போகட்டும். இலங்கைப் பேச்சைப் பிறகு பார்க்கலாம்” என்றாள்.

எனக்கோ கடற்காற்றுப் பட்டாலே தலை சுற்றும். நாகூர்க் கரையில் தோணியில் ஏறி இறங்கியதற்கு மேல் கடலறிவும் கிடையாது. ஆயினும், தாய்மாமனிடம் ஒரு தாய் கேட்கும் பொருளை மறுக்க நம் மரபில் இடமில்லை. தாளின் கடைசி வரியாக என் பெயரை எழுதிக்கொண்டோம்.

நம் பிள்ளைகள் இன்று பல நாடுகளுக்குப் போகிறார்கள். பல ஆழங்களில் இறங்குகிறார்கள். எல்லாவற்றையும் தடுத்துவிட நம்மால் ஆகாது. தடுப்பது எப்போதும் நலமும் அன்று. அவர்கள் தாளை வாங்கிப் பார்த்து, எண்களை ஒப்பிட்டு, மறந்த வரியைச் சேர்த்து, ஏறிவரும் நேரம்வரை விழித்திருக்க நம்மால் ஆகும். இன்ஷா அல்லாஹ், பிப்ரவரியில் ஒரு காலைப்பொழுதில் புதுச்சேரிக் கடலில் ஒரு படகில் நான் அமர்ந்திருப்பேன். அவன் மூச்சு குமிழி குமிழியாக மேலே வருவதை எண்ணிக்கொண்டிருப்பதே அன்று என் வேலை.