பவுன் வேண்டாம் என்று சொன்னவன்

முப்பத்தைந்து வருடம் வங்கியில் இருந்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. யார் கையில் காசைப் பார்த்தாலும் டெபாசிட்டில் போடச் சொல்வான். ஓய்வு பெற்றும் எனக்கு அது தீரவில்லை.

2020 பொங்கல் சமயம். சென்னை சேலையூரில் எங்கள் எதிர்வீட்டம்மாவின் அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து கண் ஆபரேஷனுக்கு வந்திருந்தார். தங்கை 1990இலேயே இங்கு வந்துவிட்டவர். அக்கா ஊரை விட்டு அசையாதவர். காணி விற்ற பதினைந்து லட்சம் இலங்கை ரூபாய் அவரிடம் இருந்தது.

"பவுனா வாங்கி வைக்கட்டோ தம்பி?" என்றார்.

குறுக்கே விழுந்து தடுத்தேன். அறுபது வயது தாண்டியவர்களுக்குப் பதினைந்து லட்சம் வரை 15 சதவீத வட்டி தரும் திட்டம் அங்கே இருந்தது. பதினைந்து சதவீதம்! எங்கள் கேம்ப் ரோடு முழுக்க அலைந்தாலும் எந்த வங்கி தரும்? போர் முடிந்து பத்து வருடம் ஆகிவிட்டது, புது அரசு வாட் வரியை 15இலிருந்து 8 சதவீதமாகக் குறைத்திருக்கிறது, இனி முதலீடு குவியும் என்று பாடமே நடத்தினேன்.

"சண்டை முடிஞ்சா காசுக்கும் பயமில்லையோ?" என்று கேட்டார். சிரித்தேன். புலிகள் இயக்கம் வீட்டுக்கு இரண்டு பவுன் வாங்கிய பிறகும் மிச்சமிருந்த பவுன்தான், 95இல் சண்டைக்குப் பயந்து தென்மராட்சிக்கு ஓடினபோது சோறு போட்டது என்றார். அது அந்தக் காலம் அக்கா என்றேன். ஊருக்குப் போனதும் நான் சொன்னபடியே போட்டுவிட்டார்.

வரியைக் குறைத்ததில் அரசின் வருமானம் விழுந்தது. கொரோனாவில் சுற்றுலா படுத்தது. 2021இல் ஒரே நாளில் ரசாயன உரத்தைத் தடை செய்தார்கள். மாடித்தோட்டக்காரனான நான் அதையும் பாராட்டினேன் என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். டாலரை 200 ரூபாய்ச் சொச்சத்தில் கட்டிப்பிடித்து வைத்திருந்ததால் வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் அனுப்பும் காசு வங்கியை விட்டு உண்டியல் எனும் ஹவாலாக்காரர்களிடம் போனது. 2022 மார்ச்சில் பிடியை விட்டதும் இரண்டே மாதத்தில் டாலர் 360ஐத் தொட்டது. ஏப்ரல் 12ஆம் தேதி, வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை அறிவித்தது.

பிறகு ஒரு நாள் இரவு கால்குலேட்டரை எடுத்தேன். நான் பேசிய நாளில் எட்டாயிரம் டாலருக்கு மேல் இருந்த அசல், மே மாதத்தில் நாலாயிரத்துச் சொச்சம். பவுன் விலையோ டாலரின் வாலைப் பிடித்தே ஏறியிருந்தது. வட்டி வந்தது, வராமல் இல்லை. செப்டம்பரில் 70 சதவீதத்தைத் தொட்ட பணவீக்கத்துக்கு அது எந்த மூலைக்கு?

எனக்கு அதிகம் உறுத்தியது வேறு. 1991 ஜூலையில் நான் குமாஸ்தா. மூன்று நாளில் இரண்டு முறை நம் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். ரிசர்வ் வங்கி ஏறக்குறைய 47 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைத்தது. ஒரு நாடே முடை வந்தபோது பவுனைத்தான் தூக்கிக்கொண்டு ஓடியதைக் கண்ணால் பார்த்தவன் நான். அந்த அக்காவின் பவுன் மட்டும் எனக்குப் பட்டிக்காட்டுத்தனமாகப் பட்டிருக்கிறது.

போனில் மன்னிப்புக் கேட்டேன். அப்போது அங்கே மணிக்கணக்கில் மின்வெட்டு. கேஸ் இல்லாமல் விறகில் சமைத்துக்கொண்டிருந்தார். "நீங்கள் என்ன செய்வியள் தம்பி, மத்திய வங்கிக்கே தெரியேல்லை" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

பிறகு அந்த 15 சதவீதத் திட்டமும் நின்றது. 2023 மார்ச்சில் ஐஎம்எஃப் கடன் கிடைத்தது. மின்கட்டணம் ஏறியது, வாட் 18 சதவீதமானது. சீர்திருத்தம் வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் வரியைக் குறைத்தபோது அவருக்கு எதுவும் கிடைத்ததாகத் தெரியவில்லை. ஏற்றியபோது பால்மா வரைக்கும் கொடுக்கிறார்.

2024இல் இன்னொரு கண்ணுக்காக மறுபடி வந்தார். டாலர் 300க்கு இறங்கியிருந்த நேரம். டெபாசிட் முதிர்ந்த பணத்தை என்ன செய்தார் என்று கேட்க வாய் வரவில்லை. அவரும் என்னிடம் யோசனை எதுவும் கேட்கவில்லை. காபி டம்ளரை நீட்டியபோதுதான் கவனித்தேன்: கையில் இரண்டு ஜோடி வளையல், புதுசு.