எந்த எழுத்தில் தடுக்குகிறான்?

விஷுவல், ஆடிட்டரி, கினஸ்தெடிக் என்று பிள்ளைகளைக் கூடை கூடையாகப் பிரித்துப் போடும் பழக்கம் இப்போது தேனி வரைக்கும் வந்துவிட்டது. 1992ல் நியூசிலாந்துக்காரர் நீல் ஃபிளெமிங்கின் ‘வார்க்’ வகைப்பாடு வந்த பிறகு உலகம் முழுக்க ஓடிய சரக்கு இது.

2008ல் ஹரோல்ட் பாஷ்லரும் இன்னும் மூன்று உளவியலாளர்களும் எளிய கேள்வி ஒன்று கேட்டார்கள். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று பிரிங்க. ஒவ்வொரு குழுவிலும் பாதிப் பேருக்குப் படம், பாதிப் பேருக்குப் பேச்சு. கடைசியில் எல்லோருக்கும் ஒரே தேர்வு. முதல் குழுவுக்குப் படமும் இரண்டாவதுக்குப் பேச்சும் கைகொடுத்தால்தான் கொள்கை நிற்கும். மென்பொருள்காரனான எனக்கு இது ஏ/பி டெஸ்ட் மாதிரிதான். அப்படிச் சோதித்த ஆய்வுகளே குறைவு. அவற்றிலும் பல கொள்கைக்கு எதிராகவே வந்திருந்தன.

வெறும் வீண்வேலை என்றால் விட்டுவிடலாம். என் அக்கா மகன் நாலாம் வகுப்பு. திராட்சைப் பந்தலில் கவாத்து எப்ப பண்ணணும்னு அவங்க அப்பாவோடு சரிக்குச் சரி பேசுவான். ‘கொடி’ என்று எழுதச் சொன்னால் பென்சில் நின்றுவிடும். பள்ளியில் ஒரு கேள்வித்தாள் கொடுத்து முடிவு சொன்னார்கள்: “விஷுவல் லேர்னர். வாசிக்கச் சொல்லி வற்புறுத்தாதீங்க, வீடியோ காட்டுங்க.” அக்காவுக்கு நிம்மதி. “மக்கு இல்லடா தம்பி, அவன் படிக்கிற விதம் வேறயாம்.” ஒரு வருஷம் வீடியோ ஓடியது. பிறகு மதுரையில் பரிசோதித்தபோதுதான் டிஸ்லெக்ஸியா என்றார்கள்.

இது பெரும்பாலும் கண்ணின் கோளாறு இல்லை. சொல்லை ஒலிகளாகப் பிரிப்பதிலும், ஒலியை எழுத்தோடு சேர்ப்பதிலும் வரும் சிக்கல். ‘கொ’ எழுதிப் பாருங்க: கொம்பு முன்னால், க நடுவில், கால் பின்னால். வாயில் முதலில் வருவதோ ‘க்’. அதே ‘க’ கடலில் ஒரு மாதிரி ஒலிக்கும், நகத்தில் வேறு மாதிரி. வாசிப்பதை விட்டுவிட்டு வீடியோ பார்த்தால் இது பிடிபடாது. ஒவ்வொன்றாக, வரிசையாக, திரும்பத் திரும்பச் சொல்லித்தரணும்.

1930களில் அமெரிக்காவில் உருவான ஆர்ட்டன்-கில்லிங்ஹாம் முறையில் பிள்ளை ஒலியைச் சொல்லும், கேட்கும், எழுத்தைப் பார்க்கும், விரலால் எழுதும். பலர் இதைக் கற்றல் பாணியோடு குழப்பிக்கொள்கிறார்கள். இது ஒரு புலனைத் தேர்ந்தெடுத்து மற்றதைக் கைவிடும் முறை இல்லை. இதிலும் பலன் தருவது பல புலன்களா, ஒழுங்கான ஒலிப் பயிற்சியா என்ற விவாதம் உண்டு.

சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் 1991லேயே தொடங்கிவிட்டது. 2016ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் டிஸ்லெக்ஸியா இருக்கிறது. ஆனால் கம்பம் பக்கத்து அம்மாவுக்கு முதலில் கிடைப்பது பள்ளி சொல்லும் ஒரு வார்த்தைதான். ‘மக்கு இல்லை’ என்பது உண்மை, அவளுக்குத் தேவையான ஆறுதலும்கூட. அதோடு வாசிப்பையும் விட்டுவிடச் சொன்னால், பையன் பஸ் போர்டுக்கும் மருந்துச் சீட்டுக்கும் காலம் முழுக்க இன்னொருவரைக் கேட்டு நிற்பான்.

பிள்ளைக்கு இன்ன பாணி என்று பள்ளி சொன்னால், எந்த எழுத்தில், எந்த ஒலியில் தடுக்குகிறான் என்று திருப்பிக் கேளுங்க. அதற்குப் பதில் வந்தால்தான் வேலையைத் தொடங்க முடியும்.