செஸ் இன்ஜினும் ஒரு நெஞ்சுவலியும்

1/ செஸ் இன்ஜின் எப்படி யோசிக்குதுன்னு ஒரு இழை. எழுதுறது ப்ரோகிராமர் இல்லை, நாகூர்ல கிளினிக் வச்சிருக்கிற டாக்டர். செஸ் தெரியாதவங்களும் படிங்க. இதுல உங்க வீட்டுக்கு ஆகிற ஒரு விஷயம் இருக்கு.

2/ 1950-ல் கிளாட் ஷானன் கம்ப்யூட்டரைச் செஸ் ஆட வைப்பது எப்படின்னு ஒரு கட்டுரை எழுதினார். நான் இதை ஆடினா அவன் என்ன ஆடுவான், அதுக்கு நான் என்ன ஆடுவேன்னு சில நகர்வு முன்னால போய்ப் பார்க்கணும். அங்கே நின்னு நிலைமைக்கு ஒரு மார்க் போடணும். ராணிக்கு 9, யானைக்கு 5, குதிரைக்கும் மந்திரிக்கும் 3, சிப்பாய்க்கு 1.

3/ ஆட்டம் முடியும்வரை பார்த்துட முடியாதா? முடியாது. அவர் கணக்குப்படி சாத்தியமான ஆட்டங்கள், 1-க்குப் பின்னால 120 சைபர். அதனால எங்கேயோ ஓர் இடத்துல நிறுத்தித்தான் ஆகணும். சிக்கலே அங்கேதான்.

4/ 6 நகர்வோட நிறுத்துறோம்னு வைங்க. ஆறாவதுல என் ராணி ஒரு சிப்பாயை வெட்டுது. ‘ஒரு சிப்பாய் லாபம்’னு மெஷின் மார்க் போட்டுடும். ஏழாவதுல எதிராளி அந்த ராணியையே வெட்டுவான். மெஷின் அதைப் பார்க்கவே இல்லை. ஹான்ஸ் பெர்லினர் இதுக்குத் தொடுவான விளைவுன்னு பேர் வச்சார். கடற்கரை ஊர்க்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கண்ணுக்குப் படகு தெரியலைன்னா கடல்ல படகே இல்லைன்னா அர்த்தம்?

5/ இதுக்கான வழியையும் ஷானனே சொல்லியிருந்தார். வெட்டுக்குத்து நடக்கும்போது மார்க் போடாதே. பலகை அமைதியாகும்வரை அந்தக் கிளையில மட்டும் இன்னும் கொஞ்சம் போய்ப் பார். உங்க போன்ல இலவசமா ஓடுற ஸ்டாக்ஃபிஷ், 2020-ல் நியூரல் நெட்வொர்க்கெல்லாம் சேர்த்துக்கிட்ட பிறகும், இந்த வேலையை விடலை.

6/ நேரம் எவ்வளவு முக்கியம்னு நம்ம பக்கத்து மயிலாடுதுறையில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்த் கதையில பாருங்க. 1998-ல் எட் ஷ்ரோடர் எழுதிய ரெபல் 10 இன்ஜினோட 8 ஆட்டம். மொத்தத்துல ரெபல் 5-3. ஆனா பிரிச்சுப் பார்த்தா: 4 மின்னல் ஆட்டத்துல ரெபல் 3-1. 15 நிமிஷ ஆட்டம் ரெண்டுல ரெபல் ஒன்றரை, ஆனந்த் அரை. மணிக்கணக்கில் யோசிக்க நேரம் இருந்த ரெண்டு ஆட்டத்துல? ஆனந்த் ஒன்றரை, ரெபல் அரை.

7/ இப்போ என் கிளினிக். (அடையாளம் மாற்றியிருக்கேன்.) ஒரு மீனவ அண்ணன், ஐம்பதைத் தாண்டினவர். விடியக்காலையிலிருந்து நெஞ்சுல பாரம், தாடையில வலி, சட்டை நனையுற வேர்வை. ஈசிஜி எடுத்தோம். பேப்பர் மேல மெஷினே அடிச்சுக் கொடுத்தது: நார்மல். நானும் பார்த்தேன், அலைகள் சரியாத்தான் இருந்துச்சு.

8/ அவர் சம்சாரம் கேட்டாங்க, “மெஷின்லயே நார்மல்னு போட்டிருக்கே டாக்டர், வாயுவாத்தான் இருக்கும். கூட்டிட்டுப் போகட்டா?” நியாயமான கேள்வி. ஆனா அவருக்கு வலி நிக்கலை, வேர்வை அடங்கலை. வெட்டுக்குத்து இன்னும் ஓடிட்டிருக்கு. இப்போ மார்க் போடக்கூடாது. “இல்லம்மா, இங்கேயே படுக்கட்டும், இன்னொரு தடவை எடுப்போம்”னேன்.

9/ இருபது நிமிஷம் கழிச்சு எடுத்த ரெண்டாவது ஈசிஜில மாரடைப்பு பளிச்சுன்னு தெரிஞ்சுது. உடனே ஆஸ்பிரின், ஆம்புலன்ஸ், நாகப்பட்டினம். பிழைச்சுட்டார். முதல் பேப்பரோட வீட்டுக்குப் போயிருந்தா, அந்த ஏழாவது நகர்வு வீட்டுலதான் நடந்திருக்கும்.

10/ முதல் ஈசிஜி பொய் சொல்லலை. அது அந்தச் சில விநாடிகளின் படம், அவ்வளவுதான். ரத்தக்குழாய் அடைப்பு நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். ரத்தத்துல ட்ரோபோனின் ஏறவும் சில மணி நேரம் ஆகலாம். அதனாலதான் திரும்பத் திரும்ப எடுக்கச் சொல்றோம். காசு பிடுங்க இல்லை.

11/ ஞாபகம் வச்சுக்கங்க:
• நெஞ்சுவலி நிக்கலைன்னா ஒரு நார்மல் ஈசிஜியை நம்பி வீட்டுக்குக் கிளம்பாதீங்க. “இன்னொண்ணு எப்போ எடுக்கணும்?”னு டாக்டர்கிட்ட கேளுங்க.
• சுகர் உள்ளவங்க, வயசானவங்க, பெண்களுக்கு வலியே இல்லாம வேர்வை, மூச்சுத்திணறல், வாந்தி மட்டும் வரலாம்.
• பைக்ல உட்கார வச்சுக் கூட்டிட்டு வராதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க.

வீட்டுப் பெரியவங்களுக்கு இதைப் படிச்சுக் காட்டுங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, ஓ.பி. முடிச்சுட்டுப் பதில் சொல்றேன்.