நீலத்தில் மஞ்சள் சேராமல்

ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் பூஜை போட்டு, அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவார்கள். வருஷம் தவறாமல் நாளிதழில் சின்னதாக ஒரு செய்தி வரும். இந்த முறை அதைப் படித்ததும், அங்கே அச்சகத் தொழிலில் இருக்கும் நண்பருக்குப் போன் செய்துவிட்டுக் கிளம்பினேன். ஆல்பம் பார்க்க அல்ல. கொண்டையராஜுவின் படத்தை அச்சில் ஏற்றிய கை ஒன்றையாவது பார்த்துவிட வேண்டும் என்று.

சி. கொண்டையராஜு (1898–1976) என்ற பெயர் தெரியாதவர்களும் அவர் படத்துக்குக் கீழே உட்கார்ந்து டீ குடித்திருப்பார்கள், முடி வெட்டிக்கொண்டிருப்பார்கள். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். ரமணாசிரமத்தில் கொஞ்ச காலம், பிறகு நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதும் வேலை, 1942இல் கோவில்பட்டி. அதோடு அங்கேயே தங்கிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் முதலான சீடர்கள்தான் குடும்பம். பல படங்களில் குருவும் சீடரும் சேர்ந்தே கையெழுத்துப் போட்டிருப்பார்கள். கலைஞர்களிடம் அபூர்வமான குணம் அது.

அவருடைய சாமிகள் படுதா விலகியதும் மேடையில் நிற்கும் தோரணையில் நிற்பார்கள். பின்னால் தூண், திரைச்சீலை, எங்கிருந்தோ விழும் வெளிச்சம். ரவிவர்மாவின் தேவியர் அரண்மனைக்காரர்கள். எட்டி நின்றுதான் கும்பிட முடியும். கொண்டையராஜுவின் மீனாட்சி பக்கத்து வீட்டு அக்கா மாதிரி நேராக நம்மைப் பார்ப்பாள். டிசம்பர் முடிந்தும் கழற்ற மனசு வராமல், தேதி அட்டையை மட்டும் எடுத்துவிட்டுக் கண்ணாடிச் சட்டம் போட்ட வீடுகள் தெற்கே எத்தனையோ.

நண்பர் அச்சகம் முழுக்கச் சுற்றிக் காட்டினார். ஆப்செட் இயந்திரத்தின் பெருமைகளை அவர் அடுக்கியபோது சத்தத்தில் பாதி கேட்கவில்லை. கேட்ட பாதியும் மனதில் நிற்கவில்லை. மாடியில் பெண்கள் காலண்டர் தாளுக்குத் தகரப் பட்டி அடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்துதான், நான் தேடி வந்த கைக்குச் சொந்தக்காரரான ஒரு பெரியவர் வீட்டுக்குக் கூட்டிப் போனார்.

எழுபதைத் தாண்டியவர். கம்ப்யூட்டர் வரும்வரை ரீடச்சிங் ஆர்டிஸ்ட். மேசை டிராயரிலிருந்து ஒரு சின்ன லென்ஸை எடுத்து என் கையில் வைத்தார். பித்தளை விளிம்பு தேய்ந்து வழவழவென்றிருந்தது.

"படத்தக் கேமராவுல நாலு தடவ எடுப்போம் தம்பி. மஞ்சளுக்கு ஒண்ணு, சிவப்புக்கு ஒண்ணு, நீலத்துக்கு, கறுப்புக்கு. பிலிம்ல எல்லாம் புள்ளிதான். ஆனா கேமராவுக்குச் சாமி தெரியாதுல்ல?"

கேமரா பிரித்த நிறத்தை அப்படியே அடித்தால் கிருஷ்ணனின் நீல மேனியில் மஞ்சள் புகுந்து பச்சை தட்டும். முருகன் கன்னத்தில் நீலப் புள்ளி கூடினால் முகம் கறுத்துப் போகும். அதனால் இவர் லென்ஸ் வைத்துப் பார்த்து, மருந்துத் தண்ணீரில் தோய்த்த பிரஷ்ஷால் பிலிமில் அந்தந்த இடத்துப் புள்ளிகளை மட்டும் சிறுக்க வைப்பார். ஒரு விநாடி அதிகம் விட்டால் புள்ளியே கரைந்துவிடும். கன்னத்தில் வெள்ளை விழுந்துவிடும்.

"கண்ணுதான் அண்ணாச்சி கஷ்டமோ?"

"கண்ணு விடிய விடியப் பாக்கலாம். முதலாளி பின்னாடி வந்து நிப்பாரு பாருங்க, அதுதான் கஷ்டம்."

அச்சான படத்தில் நான் ரசித்த முகத்தில் பாதி இவர் போன்றவர்கள் செய்தது. இவர்கள் பெயர் எந்த ஓரத்திலும் இல்லை. ஓவியர் பாடு மட்டும் என்ன வாழ்ந்தது? படத்துக்கு ஒரு தடவை பணம், அதோடு சரி. அதே படத்தை இன்னொரு அச்சகம் பின்னணியில் மயிலை இடம் மாற்றிப் போட்டு, கையெழுத்தை வெட்டிவிட்டு அடிக்கும். ஆர்டர் பிடிக்கிற ஏஜென்டுக்குக் காலண்டருக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டு. அடியில் பெயர் போட்டுக்கொள்ளும் நகைக்கடைக்கு வருஷம் முழுக்க விளம்பரம் உண்டு. வரைந்தவனுக்கும் புள்ளி திருத்தியவனுக்கும் மறுபதிப்பில் ஒரு காசு கிடையாது. இதை 'தொழில் வழக்கம்' என்று ஒரு ஏஜென்ட் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெரியவரிடம், வீட்டில் கொண்டையராஜு படம் எதை மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"எதுக்குத் தம்பி? கும்பிடப் போனா கண்ணு புள்ளிக்குல்ல போகுது. பால் கணக்கு எழுத எடம் இருக்கிற காலண்டராப் பாத்து வாங்கி மாட்டியிருக்கா வீட்டுக்காரி."